வேட்டைக்கு முதுகுப்பை வாங்கும் முன்: காசை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கி, பைனாகுலர், ஷூ என்று ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் யோசித்துச் செலவு செய்துவிட்டு, பை என்று வரும்போது மட்டும் மிச்சம் இருக்கிற காசில் கண்ணுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். இலையும் குச்சியும் அச்சடித்த துணி, ஏகப்பட்ட ஜிப், எங்கே பார்த்தாலும் எதையாவது மாட்டிக்கொள்ள நாடா. பார்க்க வேட்டைப் பை மாதிரியேதான் இருக்கும். அதில் இருபது கிலோவை வைத்து மேடேறினால் அரை மணி நேரத்தில் தோள் மரத்துப்போகும். இரண்டாவது சீசனில் பட்டை தைத்த இடம் பிரிய ஆரம்பிக்கும்.

குறைந்த விலையில் நல்ல பை கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். இடுப்புப் பட்டை, எடையைத் தாங்க உள்ளே இருக்கும் கம்பி அல்லது தகட்டுச் சட்டகம், தையல், இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. நிறம் வேண்டாம், பாக்கெட் எண்ணிக்கை வேண்டாம், பெரிய பெயர் வேண்டாம். இந்த மூன்றையும் எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தால் போதும், பாதி விலைக்கு வருகிற பையிலேயே பத்து வருஷம் ஓட்டலாம்.

முதலில் திரும்பி வரும்போது எவ்வளவு எடை என்று பாருங்கள்

மலையேற்றத்துக்குப் போகிறவருக்குப் போகப் போக எடை குறையும். சாப்பாடு தீரும், தண்ணீர் தீரும். வேட்டைக்காரருக்கு இது தலைகீழ். வேட்டை கிடைத்துவிட்டால் காலையில் ஆறேழு கிலோவோடு கிளம்பிய பையில் மாலையில் முப்பது கிலோ ஏறிவிடும். ஆகவே "என்னென்ன கொண்டு போவேன்" என்று பட்டியல் போடும் முன் "என்ன கொண்டு வருவேன், எவ்வளவு தூரம் சுமப்பேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பறவை, முயல் மாதிரி சின்ன வேட்டை என்றால் கவலை இல்லை, எந்த நல்ல பகல் பையும் போதும். மான் என்றால் கணக்கு மாறும். உயிரோடு 70 கிலோ இருக்கும் ஒரு மானில் எலும்பு நீக்கிய இறைச்சி மட்டுமே 25 கிலோவை ஒட்டி வரும், எலும்போடு காலும் தொடையுமாகச் சுமந்தால் இன்னும் அதிகம். பெரிய ஆண் எல்க் மானில் எலும்பில்லாத இறைச்சியே 100 கிலோவை நெருங்கும், அதைத் தனி ஆள் நான்கு நடையாவது நடந்துதான் வெளியே கொண்டுவர முடியும்.

இதைவைத்து நீங்கள் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்திலேயே வேட்டையாடி, கிடைத்ததை இழுத்தோ கைவண்டியில் வைத்தோ கொண்டுவந்துவிடுவீர்கள் என்றால் சட்டகமே இல்லாத 25 முதல் 35 லிட்டர் பை போதும், அதற்கு மேல் செலவு செய்வது வீண். மணிக்கணக்கில் உள்ளே நடந்து போய் இரவு அங்கேயே தங்குவீர்கள் என்றால் சட்டகம் உள்ள பெரிய பை கட்டாயம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம், காலையில் போய் மாலையில் திரும்புவார்கள், ஆனால் கொஞ்ச தூரம் உள்ளே போவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு எளிய பகல் பையும், பை இல்லாத வெறும் அலுமினியச் சுமைச் சட்டகம் ஒன்றும் தனித்தனியாக வாங்குங்கள். சட்டகம் வண்டியிலேயே இருக்கட்டும். வேட்டை கிடைத்தால் முதல் நடையில் பகல் பையில் கொள்ளும் அளவுக்கு எடுத்து வந்து, சட்டகத்தை மாட்டிக்கொண்டு மீதிக்குப் போகலாம். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு உயர்ரக வேட்டைப் பையின் விலையை எட்டாது, மேலும் வேட்டை கிடைக்காத நாட்களில் (அதுதானே பெரும்பாலான நாட்கள்) தேவையில்லாத சட்டகத்தைச் சுமந்து அலைய வேண்டியதில்லை.

கொள்ளளவு

பகல் வேட்டைக்கு 25 முதல் 35 லிட்டர். ஓரிரு இரவுகளுக்கு 45 முதல் 65. அதற்கு மேலே, குளிர்காலத் துணிமணி, கூடாரம் எல்லாம் சேர்ந்தால் 80 அல்லது அதற்கும் மேல். சில நிறுவனங்கள் கன அங்குலத்தில் எழுதியிருப்பார்கள், அதை 61-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். ஒவ்வொரு நிறுவனமும் வெளிப் பாக்கெட்டுகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்குப் போடுவதால் ஐந்து லிட்டர் முன்னே பின்னே இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தேகம் வந்தால் பெரியதாக எடுக்கலாமா, சின்னதாக எடுக்கலாமா? பக்கவாட்டில் இறுக்கிக் கட்டும் நாடாக்கள் நன்றாக இருந்தால் ஒரு படி பெரியதாக எடுங்கள். பாதி காலியான பையையும் அந்த நாடாக்களால் முதுகோடு ஒட்டி இறுக்கிவிடலாம், நடக்கும்போது ஆடாது. நாடா இல்லாத பெரிய பையில் சாமான் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்து உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் முதுகை அளந்துகொள்ளுங்கள்

உயரம் வேறு, முதுகின் நீளம் வேறு. ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகும், ஐந்தரை அடி ஆளுக்கு நீள முதுகும் இருக்கலாம். தலையை முன்னால் குனியுங்கள், கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு கையில் தட்டுப்படும், அதுதான் ஏழாவது கழுத்தெலும்பு. அடுத்து இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து விலாவின் கீழிருந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தெரியும். அந்த விளிம்புக்கு நேராக முதுகுத்தண்டில் ஒரு புள்ளியை நினைத்துக்கொண்டு, கழுத்தெலும்பிலிருந்து அந்தப் புள்ளிவரை தையல்காரர் டேப்பால் முதுகின் வளைவோடு ஒட்டி இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40-இலிருந்து 55 செ.மீ.க்குள் வரும்.

பையின் விவரத்தில் இந்த அளவு இல்லாவிட்டால் அதில் இடுப்புப் பட்டை சரியான இடத்தில் உட்காருமா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. முதுகு நீளத்தை ஏற்றி இறக்கக்கூடிய பை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, புதியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான தேர்வு.

இடுப்புப் பட்டையும் சட்டகமும்

பையில் மிக முக்கியமான உறுப்பு இடுப்புப் பட்டைதான். தோள்பட்டைத் தசையும் கழுத்து நரம்புகளும் நீண்ட நேர எடையைத் தாங்குவதற்கானவை அல்ல. இடுப்பெலும்பும் தொடையும் தாங்கும். நல்ல பையைச் சரியாக மாட்டினால் எடையில் பெரும்பகுதி இடுப்பில் இறங்கிவிடும், தோள் பட்டைகள் பையை முதுகோடு பிடித்துவைக்கும் வேலையை மட்டும் செய்யும்.

மலிவான பைகளில் நடக்கும் ஏமாற்று இங்கேதான். பட்டை என்று ஒன்று இருக்கும், பஞ்சுகூட வைத்திருப்பார்கள், ஆனால் அது பையின் துணியில் வெறுமனே தைக்கப்பட்டிருக்கும். சட்டகத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. அந்தப் பட்டை பை ஆடாமல் பிடிக்குமே தவிர எடையைக் கீழே இறக்காது. சோதிப்பது சுலபம். பையின் முதுகுப் பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள், உள்ளே அலுமினியக் கம்பியோ பிளாஸ்டிக் தகடோ மேலிருந்து இறங்கி வந்து இடுப்புப் பட்டை பிடித்திருக்கும் இடத்தில் போய் முடிகிறதா? முடிந்தால் நல்லது. நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டால் அந்தப் பையில் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள்.

அப்புறம் பட்டையின் பஞ்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். இரண்டு விரலும் கிட்டத்தட்ட ஒட்டிவிட்டால் அந்தப் பஞ்சு முப்பது கிலோவுக்குக் கீழே காகிதமாகிவிடும். தொட்டால் கொஞ்சம் முரடாக, விட்டதும் மெதுவாக எழும்புகிற ஃபோம்தான் வேண்டும். கடையில் மெத்தென்று சுகமாக இருக்கும் பட்டையை நம்ப வேண்டாம். பட்டையை மாட்டி இறுக்கும்போது முன்னால் பஞ்சு முனைகள் இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது. முட்டினால் அதற்கு மேல் இறுக்க இடம் இல்லை என்று அர்த்தம். மெல்லிய சட்டையோடும், குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடும், இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். வேட்டையில் ஒரே நாளில் இரண்டும் நடக்கும்.

சட்டகம் வெளியே தெரிவதா, உள்ளே மறைந்ததா என்பதில் பெரிய விவாதமே நடக்கும். உள்சட்டகப் பை உடம்போடு ஒட்டி நிற்கும், புதருக்குள் நுழைந்து போக, சரிவில் கால் வைத்து நடக்க வசதி. வெளிச்சட்டகம் மலிவு, முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும், பையைக் கழற்றிவிட்டு இறைச்சியை நேராகக் கட்டலாம். ஆனால் கிளைகளில் மாட்டும், மூட்டுகள் கிறீச்சிடும். இணைக்கும் ஊசிகளைச் சுற்றி துணி டேப் ஒட்டினால் சத்தம் குறையும், முழுக்கப் போகாது. அலுமினியக் குழாயில் வெளிச்சட்டகம் செய்து அதில் இடுப்புப் பட்டையும் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி டிக் கெல்டி, 1952-இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இருக்கிறது. அந்த வடிவம் இன்றுவரை சுமை தூக்குவதில் தோற்றுப்போகவில்லை. குறைந்த காசில் அதிக எடை சுமக்க வேண்டும் என்பதே உங்கள் தேவை என்றால் வெளிச்சட்டகத்தைப் பழசு என்று ஒதுக்காதீர்கள்.

இன்றைய உயர்ரக வேட்டைப் பைகளில் சட்டகமும் பையும் பிரிந்து, நடுவில் ஒரு இடைவெளி திறக்கும், இறைச்சியை அந்த இடைவெளியில் முதுகோடு ஒட்டி வைத்து இறுக்கலாம். அருமையான ஏற்பாடு, விலையும் அதற்கேற்ப இருக்கும். முதல் சீசனில் இது இல்லாமல் சமாளிக்கலாம்.

துணி

டீனியர் என்ற எண் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது, ஆக எண் கூடினால் நூல் தடிமன். அவ்வளவே. நெசவு எவ்வளவு நெருக்கம், நூல் நைலானா பாலியஸ்டரா, உள்ளே என்ன பூச்சு என்பதை அந்த எண் சொல்லாது. அதனால்தான் 600 டீனியர் மலிவு பாலியஸ்டரைவிட 500 டீனியர் நல்ல நைலான் பாறையில் உரசும்போது அதிக நாள் தாங்குகிறது. பாலியஸ்டருக்கு ஒரு நன்மை உண்டு, வெயிலில் நைலானைவிட மெதுவாகத்தான் வலுவிழக்கும்.

வேட்டைக்கு 500 டீனியர் நைலான் தாராளம். 1000 டீனியர் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அது கனமானது, விறைப்பானது, முள் உரசினால் அதிகச் சத்தம் போடும். அடிப்பாகம் மட்டும் தடித்ததாக இருந்து மேல்பகுதி 210 அல்லது 330 டீனியரில் இருந்தாலும் குறை இல்லை, தேய்வது அடிப்பாகம்தான். கார்டுரா என்பது துணியின் வணிகப் பெயர், உண்மையான கார்டுரா துணியில் செய்த பைகளில் பெரும்பாலும் அதற்கான சீட்டு தொங்கும். "கார்டுரா மாதிரி" என்று எழுதியிருந்தால் சாதாரணத் துணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கட்டாயம் சோதியுங்கள், மலையேற்றப் பை வாங்குகிறவர்கள் நினைத்தே பார்க்காத விஷயம் இது. அமைதியான அறையில் துணியை நகத்தால் கீறுங்கள். அந்தச் சத்தம் உங்கள் காதுக்கே உறுத்தினால் மானின் காதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் பூச்சு விறைத்து இன்னும் சலசலக்கும். ஃபிளீஸ் போன்ற மென்துணி போர்த்திய பைகள் சத்தமே போடாது, ஆனால் தண்ணீரை உறிஞ்சும், ஒட்டுப்புல்லும் நெருஞ்சியும் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்கு அது சரி. நாள் முழுக்க நடப்பவர்களுக்கு வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் காசு அதிகமாக வீணாவது இதில்தான். மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பணுக்கள் இரண்டே வகை. நீலம் அதற்கு நன்றாகத் தெரியும், சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை எதுவாக இருந்தாலும் போதும், இலை அச்சடித்த துணிக்காகத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. நீலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பல இடங்களில் துப்பாக்கி வேட்டை நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு உடை சட்டப்படி கட்டாயம், அது இத்தனை பரப்பு வெளியே தெரிய வேண்டும் என்றும் விதி இருக்கும். பை உங்கள் முதுகை மறைத்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள், பைக்கு மேலேயும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். இதை அலட்சியம் செய்தால் உயிரே போகலாம்.

தையல், ஜிப், பக்கிள்

பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. துணியின் ஓரங்கள் நாடா வைத்து மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது வெட்டிய ஓரம் அப்படியே நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறதா? பிரிந்து நின்றால் வைத்துவிட்டு அடுத்த பையைப் பாருங்கள், எடை ஏற ஏற அந்த ஓரம் தையலிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து, எடை தாங்கும் இடங்கள் நான்கு: தோள் பட்டையின் மேல் முனை, கீழ் முனை, இடுப்புப் பட்டை பிடித்திருக்கும் இடம், மேலே இருக்கும் கைப்பிடி. இந்த நான்கிலும் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய பார்டேக் தையலோ, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையலோடு நின்றிருந்தால் அது பள்ளிக்கூடப் பைக்குச் சரி. கைப்பிடியைப் பிடித்து இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள், ஊசி போன துளைகள் வாய் பிளந்து வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். புதிதாக இருக்கும்போதே துளை விரிந்தால் சீசன் நடுவில் கிழியும்.

வெளியே வரிசையாகக் குறுக்கு நாடா தைத்த ராணுவப் பாணிப் பைகள் எங்கும் கிடைக்கின்றன. உதிரிப் பைகளை நாடாவில் மாட்டிக்கொள்ளும் அமெரிக்க ராணுவத்தின் மோலி ஏற்பாட்டைப் பார்த்துச் செய்தவை. அசலில் நாடா ஒவ்வொரு ஒன்றரை அங்குலத்துக்கும் ஒரு பார்டேக்கோடு பிடித்திருக்கும். மலிவு நகல்களில் இந்த இடைவெளி கண்டபடி இருக்கும், அப்படி இருந்தால் அந்தத் தொழிற்சாலை மற்ற இடங்களிலும் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஜிப் விஷயத்தில் என் பரிந்துரை கொஞ்சம் கண்டிப்பானது: பட்ஜெட் குறைவு என்றால் பிரதான அறைக்கு ஜிப்பே இல்லாத, மேலே கயிறு இழுத்து மூடி போடும் பையாக வாங்குங்கள். மலிவுப் பையில் முதலில் சாகும் உறுப்பு ஜிப்தான், முப்பது கிலோ இறைச்சியோடு காட்டின் நடுவில் பிரதான ஜிப் வாய் பிளந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கயிறு அறுந்தால் வேறு கயிறு போட்டுக்கொள்ளலாம். அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும் என்பது உண்மையான குறைதான், சாமான்களைச் சின்னச் சின்னத் துணிப் பைகளில் பிரித்து வைத்தால் பாதி தீரும்.

ஜிப் உள்ளதுதான் வேண்டும் என்றால் பிரதான அறைக்கு 8 அல்லது 10 எண் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள், 5 எண் சின்னப் பாக்கெட்டுகளுக்கு மட்டும். ஒய்கேகே போன்ற தெரிந்த பெயர் ரன்னரில் பொறித்திருந்தால் நல்லது, அதைப் போலியாகவும் பொறிக்கிறார்கள் என்பதால் கையாலும் சோதியுங்கள்: வளைவான மூலைகளில் ஒரே கையால் இழுத்தால் ரன்னர் தடங்காமல் ஓட வேண்டும். ஜிப் மூடிய பின்னும் பல் பிரிந்து நின்றால் பெரும்பாலும் தேய்ந்தது ரன்னர்தான். அதன் பின்புற இரு ஓரங்களையும் குறடால் மெல்ல, மிக மெல்ல நெருக்கினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். உலோக இழுப்பான்களை வாங்கிய அன்றைக்கே கழற்றிவிட்டு மெல்லிய கயிறு கட்டிவிடுங்கள், நடக்கும்போது டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் நின்றுவிடும்.

பக்கிளில் ஒன்றே ஒன்று. இடுப்புப் பட்டையின் பக்கிள் உடைந்தால் பையே பயனற்றுப் போகும். அதைப் பூட்டித் திறந்து பலமுறை பாருங்கள், பூட்டியபின் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள், வெளுத்த கோடு விழுந்தால் அது மட்டமான பிளாஸ்டிக். நாடா அகலத்தை அளந்து, தையலைப் பிரிக்காமலே மாட்டக்கூடிய, நடுவில் பிளவு உள்ள உபரி பக்கிள் ஒன்றைப் பையிலேயே போட்டு வைத்துவிடுங்கள். வெல்க்ரோ வைத்து மூடும் பாக்கெட்டுகள் உள்ள பையைக் கூடுமானவரை தவிர்க்கவும். பக்கத்தில் விலங்கு நிற்கும்போது அதைப் பிரிக்க முடியாது.

வேட்டைக்கென்றே வேண்டியவை

துப்பாக்கியோ வில்லோ பையில் மாட்டிக்கொள்ள ஒரு வசதி இருந்தால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், செங்குத்தான இடங்களில் கைத்தடி பிடிக்கலாம். அடியில் கட்டைப் பை மாதிரி ஒரு உறை, மேலே இறுக்கும் நாடா, அவ்வளவுதான் தேவை. இல்லாத பையில் தனியாக வாங்கி மாட்டலாம். பையில் மாட்டும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கவே கூடாது. பைனாகுலரை நெஞ்சில் மாட்டும் உறையில் வைப்பவர்கள் நெஞ்சுப் பட்டையை அதற்கு மேலேயோ கீழேயோ நகர்த்த முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பைக்கு உள்ளே தனி அறை இருந்தால் நல்லது, ஆனால் உறைகுளிரில் அதன் குழாய் முதலில் உறையும் என்பதால் பாட்டில் வைக்கும் பக்கவாட்டு உறையும் வேண்டும். மழை உறை வேண்டாம் என்பேன், பெரும்பாலானவை சலசலக்கும், கிளையில் கிழியும். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள்ளே உறையாகப் போட்டால் செலவே இல்லாமல் உள்ளே இருப்பது நனையாது.

மாட்டிப் பார்க்கும் முறை

வெறும் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலிப் பை எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் பாட்டில்கள், புத்தகங்கள் என்று பதினைந்து இருபது கிலோ வைத்து, இடைவெளிகளில் துண்டுகளைத் திணித்து, கனமானது முதுகை ஒட்டி நடுவில் வரும்படி அடுக்குங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை: பஞ்சின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஏறி உட்காரும்படி வைத்து நன்றாக இறுக்குங்கள், வயிற்றில் இறுக்கக் கூடாது. பிறகு தோள் பட்டைகளை, பை முதுகோடு சேரும் அளவுக்கு மட்டும். அடுத்து தோளுக்கு மேலே பையின் உச்சியிலிருந்து வரும் சின்னப் பட்டைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இருக்கும்படி லேசாக இழுங்கள். கடைசியாக நெஞ்சுப் பட்டை, மூச்சு முட்டாமல்.

இப்போது தோள் பட்டைக்குக் கீழே விரலை நுழைத்துப் பாருங்கள். சுலபமாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது. நுழையவில்லை என்றால் முதுகு அளவை மாற்றுங்கள், மாற்ற வழி இல்லாத பை என்றால் அது உங்களுக்கான பை இல்லை. ஒரு மணி நேரம் படியேறி இறங்குங்கள், மண்டியிட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைப்பது போல் பாவனை செய்யுங்கள், தலையை நிமிர்த்தினால் பையின் மூடி பின்மண்டையில் இடிக்கிறதா என்று பாருங்கள். படுத்துக்கொண்டு சுடுபவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. சீட்டைக் கிழிக்காமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் இதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

விலை குறைவாக வாங்க வழிகள்

புதிய மலிவுப் பையைவிடப் பழைய நல்ல பை மேல். வேட்டைப் பைகளைப் பலர் ஒரே சீசன் பயன்படுத்திவிட்டு விற்றுவிடுகிறார்கள். வாங்கும்போது பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்து, உள்பக்கம் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் ஈரத்தில் உள்பூச்சு சிதைந்துவிட்டது, அதைச் சரி செய்ய முடியாது. சட்டகத்தைத் தரையில் வைத்து வளைந்திருக்கிறதா, பக்கிள்களில் விரிசல் உண்டா, இடுப்புப் பஞ்சு செத்துவிட்டதா என்று பாருங்கள். துணியில் சின்னக் கிழிசல், கறை இருந்தால் பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி இன்னும் விலை குறைக்கலாம்.

ராணுவ உபரிப் பைகள் இன்னொரு வழி. அமெரிக்க ராணுவம் 1973-இல் ஏற்றுக்கொண்ட ஆலிஸ் பையும் அதன் அலுமினியச் சட்டகமும் இன்றும் வேட்டைக்காரர்களிடம் புழங்குகின்றன. கனம் அதிகம், சட்டகம் குட்டை என்பதால் நீள முதுகுள்ளவர்களுக்குப் பட்டை இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும். ஆனால் தாங்கும். பழைய இடுப்புப் பட்டையை மாற்றிவிட்டுத் தடித்த புதிய பட்டை போட்டால் மனிதன் சுமக்கக்கூடிய பையாகிவிடும். பார்வைக்கு அப்படியே இருக்கும் போலிச் சட்டகங்களும் விற்கின்றன, வாங்கும் முன் தட்டையான தரையில் வைத்து அழுத்திப் பாருங்கள், நெளிந்தால் வேண்டாம்.

மூன்றாவது, மலையேற்றப் பைகள். போன வருஷ நிறம் என்பதற்காகவே நல்ல மலையேற்றப் பைகளை விலை குறைத்து விற்பார்கள். முதுகு அமைப்பு அருமையாக இருக்கும், எடையும் குறைவு. மெல்லிய துணி என்பதால் முட்புதரில் கவனம் வேண்டும், இறைச்சியை வெளியே கட்ட இடம் இருக்காது, உள்ளேதான் வைக்க வேண்டும். வருடத்தில் ஓரிரு முறை போகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். "வாழ்நாள் உத்தரவாதம்" என்று எங்கே பார்த்தாலும் வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் அது தயாரிப்புக் குறைகளுக்கு மட்டும், தேய்மானத்துக்கு இல்லை.

இறைச்சி ஏற்றும்போது

சூடு ஆறும் முன் இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளேயே வெந்து கெட்டுவிடும். காற்றுப் போகும் துணிப் பைகளில் போட்டு, கிளையில் தொங்கவிட்டு ஆறவிட்டபிறகு ஏற்றுங்கள். ஏற்றும் நேரத்தில் மட்டும் பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டால் ரத்தம் துணியில் இறங்காது. கனம் தோள்பட்டை எலும்புகளின் நடுவில், முதுகை ஒட்டி இருக்கட்டும். கீழே தொங்கினால் முன்னால் குனிந்தே நடக்க வேண்டிவரும். கொம்பைப் பையில் கட்டி வெளியே நீட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது, தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கு அது நடந்து போகும் மானாகத் தெரியலாம். கொம்பில் ஆரஞ்சுத் துணியைச் சுற்றிக் கட்டாமல் ஒரு அடி நகராதீர்கள்.

பராமரிப்பு

ரத்தக்கறையை வெந்நீரில் கழுவினால் துணியில் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நொதி உள்ள சோப்பால் மென்மையான பிரஷ்ஷில் தேய்த்து அலசுங்கள். துணியை வெளுப்பாக, பளிச்சென்று காட்டும் சலவைத்தூளும் வாசனைத் திரவமும் வேண்டாம். அந்தப் பளபளப்புப் பொருட்கள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும், மானுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். சலவை இயந்திரத்தில் போட்டால் பூச்சு உரியும். நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு முழுக்கக் காயவையுங்கள், ஈரத்தோடு மூலையில் வைத்த பைதான் அடுத்த வருஷம் பிசுபிசுக்கிறது. பட்டைகளில் ஊறிய வியர்வை உப்புக்காகவே எலி கடிக்கும், அதனால் இடுப்புப் பட்டையையும் தோள் பட்டைகளையும் கழுவாமல் சீசன் முடிந்ததென்று எடுத்து வைக்காதீர்கள்.

பையிலேயே எப்போதும் கிடக்க வேண்டியவை: தடித்த ஊசி, மெழுகு தடவிய நைலான் நூல், ஒட்டுத் துணி டேப் கொஞ்சம், நான்கைந்து மீட்டர் கயிறு, முன்னே சொன்ன அந்த உபரி பக்கிள். சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே பையை வெளியே எடுத்து, எடை தாங்கும் அந்த நான்கு இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் எங்காவது எழும்பியிருந்தால் காலணி தைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அவரிடம் இருக்கும் ஊசியும் நூலும் இந்த வேலைக்கே ஆனவை.